ராகு காலத்தில் பதிவான பெயர்

என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இருபது வருடத்துக்கு மேலாகப் பல பதில்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். இணையப் பெயர் விற்கிறேன் என்றால், "ஓ, வெப்சைட் டிசைனிங்கா" என்பார்கள். அது வேறு, நான் விற்பது அந்த டாட் காம் என்று முடிகிற பெயரை மட்டும் என்றால், பேரை எல்லாமா விற்பார்கள் என்று என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் என் கணவரின் சித்தப்பா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ என் பேத்திக்கும் நல்ல பேரா ஒண்ணு எட்த்து வையேன், அடுத்த வாரம் ஞானஸ்நானம்" என்றார். அன்றிலிருந்து "கம்ப்யூட்டர் கடை" என்று சொல்லிவிடுகிறேன். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

உண்மையில் இதைப்போல் சுலபமான தொழில் கிடையாது. இணையத்தில் ஒரு பெயரை யார் முதலில் பதிவு செய்கிறாரோ அது அவருடையது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், விட்டால் போய்விடும். உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் இருக்கிறாரோ அவர்தான் முதலாளி. பெயரைக் கண்டுபிடித்தவர், பணம் கொடுத்தவர், கடைக்கு வெளியே போர்டு மாட்டியவர் யாரும் கணக்கில் இல்லை. இந்த ஒரு விஷயத்தை நான் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பிரவுசிங் சென்டராகத்தான் ஆரம்பித்தேன். நான்கு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, கூவிக் கூவி இணைகிற மோடம். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று மட்டும் கடை கல்யாண வீடு மாதிரி இருக்கும். மற்ற நாட்களில் ஈ ஓட்டுவேன். அப்போதுதான் ஒரு நாள், டாட் காம் பெயர்களை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்கலாம் என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் எதையும் விற்றதில்லை. அப்பா மதுராந்தகம் பக்கத்தில் காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் நடவு, அறுவடை என்று இருந்தவர். விற்பதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும். கையால் தொட முடியாத, கிடங்கு தேவைப்படாத, அழுகாத ஒரு பொருள் எனக்குக் கிடைத்தது. விடுவேனா?

வியாபாரம் நன்றாகவே சூடு பிடித்தது. குறுக்கே வந்தது ராகு காலம்.

எங்கள் வீட்டில் ராகு காலம் எல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். எங்கள் சபையில் பாதித் திருமணங்கள் அந்த நேரத்தில்தான் நடக்கும். என் திருமணமும் அப்படித்தான். அதனால்தான் இப்படி ஒரு புருஷன் கிடைத்தார் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். ஒத்துக்கொள்ள மாட்டேன், அவர் எந்த நேரத்தில் கட்டியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பார்.

ஆனால் கடைக்கு வருகிறவர்கள் விடுவார்களா? போர் போடும்போது, பூஜை போடும்போது, வண்டி எடுக்கும்போது பார்க்கிறவர்கள் டாட் காம் எடுக்கும்போது பார்க்க மாட்டார்களா? ஒரு புதன்கிழமை மதுராந்தகத்திலிருந்து ஒரு அரிசி ஆலைக்காரர் வந்தார். பன்னிரண்டரை மணி. அவர் கேட்ட பெயர் காலியாக இருந்தது. "பட்டனை அழுத்தலாமா அண்ணே" என்றேன். "ந்தா, ஒண்ணரை வரிக்கும் ராகு காலம்மா. போயி சாப்ட்டு வரேன்" என்று எழுந்து போனார். ஒன்றரைக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெயர் போய்விட்டிருந்தது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ராகுவைத் தெரியாத ஒருவன் அதே ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டான்.

அரிசி ஆலைக்காரர் ராகுவைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார். "நான் அப்டி போனதும் நீ எவனுக்கோ சொல்லிட்ட" என்று படிக்கட்டில் நின்று கத்தினார். கோர்ட்டுக்குப் போகிற ஜனம் முழுவதும் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. ஒரு வக்கீல் விசிட்டிங் கார்டு கொடுத்தார், எனக்கு இல்லை, அவருக்கு.

அன்றைக்குத்தான் என் வழிமுறையைக் கண்டுபிடித்தேன். அதில் எனக்கு ரொம்ப நாள் பெருமை. வாடிக்கையாளர் நல்ல நேரத்துக்காகக் காத்திருக்கட்டும். அவர் டீ குடிக்கப் போனதும், பெயரை உடனே என் பெயரில் பதிவு செய்துவிடுவேன். பெயர் பத்திரம். ராகு காலம் முடிந்து அவர் வந்ததும் நாடகம் ஆரம்பம். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து அவர் கேட்ட பெயரைப் பெரிய எழுத்தில் தட்டி வைப்பேன். கீபோர்டுக்கு அவரே குங்குமம் வைப்பார். சிலர் சூடம் ஏற்றுவார்கள். ஒருமுறை எலுமிச்சம்பழத்தை வைத்து மவுஸையே சுற்றிப் போட்டார்கள். குடும்பத் தலைவர் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, சாமியை நினைத்து, எண்டர் பட்டனை அழுத்துவார். வெற்றுப் பக்கத்தில் ஒரு வரி கீழே இறங்கும். எல்லோரும் கை தட்டுவோம். பிறகு நானே வேர்டில் செய்த சான்றிதழில் அவர் பெயரைப் போட்டு, பூ பார்டர் வைத்து, லேமினேட் செய்து கொடுப்பேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. உலகப் பதிவேட்டில் நேரம் நம்மூர் நேரமாக இருக்காது, ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். வெள்ளிக்கிழமை ராகு காலம் காலை பத்தரை முதல் பன்னிரண்டு. நான் பத்து ஐம்பதுக்குப் பதிவு செய்தால் பதிவேட்டில் விடியற்காலை ஐந்து இருபது என்று காட்டும். விவரம் தெரிந்த ஒரு ஜோசியக்கார வாடிக்கையாளர் தன் மகனை விட்டு அதைத் தேடிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். "மேடம், சொல்லவே இல்லியே, பிரம்ம முகூர்த்தத்துல பண்ணி கீறீங்க!" என்றார். அவருக்குத் தெரிந்த பத்துப் பேரை அனுப்பி வைத்தார். வெள்ளி, சனி இரண்டு நாளும் என் கடையில் பிரம்ம முகூர்த்தம்தான். ராகுவுக்கு நான் நிரந்தரமாகக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் பெயரில் பதிவு செய்ததைப் பிறகு அவரவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வேண்டும். அதற்கு வருகிற கடிதத்தைத் திறந்து, சரி என்று ஒரு இடத்தில் அழுத்த வேண்டும். அப்போது பாதிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது. மீதிப் பேருக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் கிடையாது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வருடா வருடம் நானே புதுப்பித்தேன், அவர்கள் வந்து பணம் கட்டினார்கள், எல்லாம் ஒழுங்காக நடந்தது.

சோம்பேறித்தனம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல ஆசை. அது முழு உண்மை இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் என் கணக்கில் உள்ளே போய், என் பெயரில் இருக்கிற பெயர்களை மேலிருந்து கீழே உருட்டிப் பார்ப்பேன். ஹார்டுவேர் கடை, மாமல்லபுரத்து ரிசார்ட், அலைச்சறுக்குப் பள்ளி, கல்யாண மண்டபம், நர்சரி ஸ்கூல், நூற்றுக்கணக்கில். எல்லாவற்றுக்கும் எதிரே உரிமையாளர் என்று என் பெயர். அப்பா ஒரு கோழி மேய்க்கிற இடத்துக்குக் கூடச் சொந்தக்காரராக இல்லாதவர். நான் பண்ணையார் மாதிரி பேனா நுனியால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த சுகம் எனக்கு வேண்டியிருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

மீன்கார அக்கா கடைக்கு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருக்கும். படகு வந்ததும் ஏலத்தில் எடுத்து, சுத்தம் செய்து, ஓ.எம்.ஆர். பக்கத்து அடுக்குமாடிகளுக்கு நேராகக் கொண்டு போய்க் கொடுக்கிற வியாபாரம். யாரோ ஒரு ஃபிளாட்காரம்மா, "இதை ஆன்லைனில் போடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கோவளத்தில் யாரையோ விசாரித்து, கேளம்பாக்கம், திருப்போரூர் என்று பஸ் மாறி என்னிடம் வந்துவிட்டார். பெயரையும் அவரே யோசித்து வைத்திருந்தார். இரண்டு சின்ன இங்கிலீஷ் வார்த்தை, சேர்த்தால் அழகாக இருந்தது. அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், காரணம் பின்னால் தெரியும். தேடினேன். காலியாக இருந்தது. அந்தத் தொழிலில் அப்படி ஒரு பெயர் காலியாக இருப்பது அதிசயம், எனக்கே கை பரபரத்தது.

மணி பத்தே முக்கால். கடையில் ஏற்கெனவே இரண்டு பேர் நல்ல நேரத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், "காலைலேர்ந்து நாஸ்தா கூட துன்னல, தோ வந்துடறேன்" என்று வெளியே போனார். நான் வழக்கம்போல் என் பெயரில் பதிவு செய்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் முந்தானையில் விரலைத் துடைத்தார், எண்டரை அழுத்தினார், அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. பக்கம் பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"வூடு அவரு பேர்ல கீது மேடம்," என்றார். "படகு மச்சினன் பேர்ல. கேஸு கனெக்சன் மாமியா பேர்ல. என் பேர்ல கீதுன்னு சொல்லிக்க இத்தினி நாளா ஒரு சைக்கிள் கூட இல்ல. இதான் மொதல்ல."

நான் லேமினேஷன் மெஷினை ஆன் செய்து அது சூடாகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாளே மாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதார நினைத்தேன். மறுநாள் மாமல்லபுரத்திலிருந்து ஒரு ரிசார்ட்காரர் எட்டுப் பெயர் கேட்டு வந்தார். மறந்துபோனேன்.

அப்படியே பதினோரு வருடம் ஓடியது. அக்கா வருடத்துக்கு ஒருமுறை வந்து கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, ஐஸ் வைத்து ஒரு பை மீனும் கொடுத்துவிட்டுப் போவார். இதற்குள் என் தொழில் படுத்துவிட்டது. இப்போது எல்லோரும் போனிலேயே பெயர் எடுத்துக்கொள்கிறார்கள், ராகு காலத்தில் கூட எடுக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்னிடம் மிஞ்சியது பழைய வாடிக்கையாளர்களும் ஜெராக்ஸ் மெஷினும்தான்.

அந்த நிலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. குறிப்பிட்ட பெயரின் உரிமையாளருக்கு என்று ஆரம்பித்திருந்தது. தரகர் ஒருவர். கடல் உணவு விற்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு அந்தப் பெயர் வேண்டும், கம்பெனி யார் என்று சொல்ல முடியாது, விலை மட்டும் சொல்கிறேன் என்றார். சொன்னார். அந்தத் தொகையை நான் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்து, மாடிக்கு டைல்ஸும் போட்டு, இன்னும் மீதி இருந்திருக்கும். அது மீன்கார அக்காவின் பெயர்.

என் கணவர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது சொன்னேன்.

"யாரு பேர்ல கீது?" என்றார்.

"என் பேர்ல."

"அப்பால இன்னா? வித்துட்டுப் போ."

"அது அவங்களுதுங்க."

"உன் பேர்ல கீதுன்ற, அவங்களுதுன்ற. ரெண்டுல ஒண்ண சொல்லு."

மனிதர் சாதாரணமாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து பேஜார் ஆரம்பித்தது.

ஒரு வாரம் நான் எப்படியெல்லாம் யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு டாட் காம், டாட் இன் வித்தியாசம் தெரியாது. பழையதில் ஏதோ கோளாறு, இனிமேல் டாட் இன் என்று போடுங்கள், என் செலவிலேயே எடுத்துத் தருகிறேன் என்றால், "சர்ரி மேடம்" என்பார். மீனும் கொடுப்பார். சட்டப்படி என் மேல் ஒரு குற்றமும் கிடையாது. பதினோரு வருடம் தவறாமல் புதுப்பித்தது யார்? அந்தப் பெயர் அன்றைக்குக் கை நழுவாமல் பிடித்தது யார்? மனசாட்சிக்குப் பதில் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கிடுகிடுவென்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பதிலும் சரியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

தரகர் தினமும் போன் செய்தார். எட்டாவது நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருப்போரூர் வரை பொய்யை ஒத்திகை பார்த்தேன். அங்கிருந்து கோவளம் வரை உண்மையை ஒத்திகை பார்த்தேன். எது வாயில் வரும் என்று இறங்கும்போது கூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அக்கா அரிவாள்மனையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னால் தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சுவரில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் நான் கொடுத்த சான்றிதழ், பிரேம் போட்டு, மூலையில் சந்தனம் வைத்து. பூ பார்டர் வெளிறியிருந்தது. என் போலிச் சான்றிதழுக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஊதுபத்தி காட்டியிருக்கிறார்கள்.

"இன்னா மேடம், நீங்களே வந்துகீறீங்க! ஒரு போன் பண்ணி இருந்தா நண்டு எட்த்து வெச்சிருப்பேனே," என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவிப் போட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே ஆரம்பித்தார். "போன வாரம் ஒருத்தன் போன் பண்ணான் மேடம். உங்க பேரு வோணும், வெலைக்குத் தருவீங்களான்னான். சைட்டுல நம்பர் கீது இல்ல, அத்த பாத்து பண்ணிகீறான். அது என்னுது, விக்கிறதுக்கு இல்லன்னு வெச்சிட்டேன்." சிரித்தார். "என்னுதுன்னு சொல்லச்சொல்ல எப்டி இருந்துச்சி தெரியுமா!"

பொய்யை வைத்திருந்த இடத்தில் தேடினேன், காணவில்லை. "அது உங்க பேர்ல இல்லக்கா," என்றேன்.

அரிவாள்மனை நின்றது.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி ஆலைக்காரர், ராகு காலம், வெற்றுப் பக்கம், என் கணக்கு, தரகர், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. என் சாமர்த்தியம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தது வாயிலிருந்து வெளியே வந்ததும் நாறியது.

"ராகு காலமா?" என்றார். "கடலுக்கு ஏது ராகு காலம்? காத்து பாப்போம், நீவாடு பாப்போம், தண்ணி எந்தப் பக்கம் இஸ்க்குதுன்னு. உன் கடையில எல்லாரும் காத்துகினு இருந்தாங்க, செரி இவங்க வழக்கம் போலன்னு நானும் குந்திகினு இருந்தேன். நீ கேட்டிருந்தா அப்பவே அழுத்தி இருப்பேன்."

என்னை முதல் முறையாக 'நீ' என்றார். அதைக்கூட அப்புறம்தான் கவனித்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவரே அவர் பெயரில் பத்து ஐம்பதுக்குப் பதிவு செய்திருப்பார். ஜனங்களின் மூடநம்பிக்கையைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் ஏதோ செங்கல்பட்டுக்காரர்களின் சடங்கு என்று எனக்காக உட்கார்ந்திருக்கிறார்.

"நாலு வருசமா அந்த சைட்டுல ஒரு ஆர்டர் கூட வர்ல, தெரியுமா?" என்றார். "எல்லாம் வாட்சப்பு. எவன் அதுல போயி மீன் கேக்கறான்? என் பொண்ணு கூட, எதுக்குமா தண்டமா கட்டற, உட்டுடுன்னா. நான் தான் வோணாம், இருக்கட்டும்னு சொல்லிகினு இருந்தேன். எதுக்கு? என் பேர்ல கீதுன்னு. அதுக்கு மட்டும் தான்."

அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அது அவருக்கு இன்னொரு வேலை.

"இப்போ மாத்த முடியுமா?"

"முடியும்."

"மாத்து."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். அவர் மகள் ஏற்கெனவே அவருக்கு மின்னஞ்சல் வைத்துக் கொடுத்திருந்தார். அவருக்கென்று ஒரு கணக்கைத் திறந்து அதற்குள் பெயரைத் தள்ளினேன். உரிமையாளர் என்ற கட்டம் வந்ததும், "தள்ளு, நானே அடிக்கிறேன்" என்று கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பாதியில் நிறுத்தி, "இன்சியல் போட்டே ஆவணுமா?" என்று கேட்டார். கட்டாயமில்லை என்றேன். "அப்போ வோணாம்" என்று விட்டுவிட்டார். அவர் போனுக்கு வந்த கடிதத்தில் சரி என்று அழுத்தினார். நான்கு நிமிட வேலை. பதினோரு வருடம் எனக்கு நேரமில்லாமல் போன வேலை.

லேப்டாப்பை மூடும்போது கேட்டார். "விக்கலாம்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"எத்தினி நாளு?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரமா," என்றார். திரும்பிப்போய் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தார். சுவரில் இருந்த சான்றிதழை நானே கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "அத்த தொடாத," என்றார். அன்று மீன் கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்து தரகருக்குச் சொன்னேன், பெயர் உரியவரிடம் போய்விட்டது, இனி அங்கே பேசிக்கொள்ளுங்கள் என்று. அந்த மாதம் முழுக்க என் கணக்கில் இருந்த எல்லாப் பெயர்களையும் அவரவருக்கு மாற்றிக் கொடுத்தேன். சிலர் எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். ஜோசியக்காரரிடம் மட்டும் நேரத்தைப் பற்றிச் சொல்லவில்லை, இந்த வயதில் அவருக்கு எதற்கு அந்த அதிர்ச்சி.

உரிமையாளர் மாறினால் அந்தப் பெயரை அறுபது நாளைக்கு வேறு பதிவுக் கம்பெனிக்குக் கொண்டு போக முடியாது. எங்கள் தொழிலில் உள்ள பூட்டு அது. வாங்குகிற கம்பெனிக்கோ, தாங்கள் கணக்கு வைத்திருக்கிற பதிவுக் கம்பெனிக்கே பெயர் வந்தாக வேண்டும் என்று பிடிவாதம். அதனால் காத்திருந்தார்கள். அந்த அறுபது நாளில் மீன்கார அக்கா என்ன செய்தார் என்பதைத் தரகரே எனக்குப் போன் செய்து புலம்பினார். "மேடம், அந்தம்மா விக்கிறதில்லன்னு சொல்லிக்கிட்டே ரேட்டை ஏத்திக்கிட்டே போறாங்க மேடம்." தினமும் விடியற்காலையில் மணலில் நின்று வஞ்சரத்தை ஏலம் எடுக்கிற பெண்மணியிடம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேரம் பேசினால் வேறு என்ன ஆகும்? கடைசியில் எனக்குச் சொன்ன விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே விற்றார். இருபது வருடம் இந்தத் தொழிலில் ஊறிய நான் அந்த விலைக்கு ஒரு பெயரையும் விற்றதில்லை.

விற்றுவிட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம். முதன்முதலாகத் தன் பெயரில் இருந்தது என்று உருகியவர், கையில் வந்ததும் விற்றுவிட்டாரே என்று. அப்படியானால் நான் எதற்கு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்? என் கணவர்தான் கேட்டார், "அவங்க பேர்ல இருந்துச்சி, அவங்க வித்தாங்க. உனக்கு இன்னா வயித்தெரிச்சல்?" வருடத்துக்கு ஒருமுறை இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஏதாவது வந்துவிடும்.

சில மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன். "ஆதார் கார்டு எட்த்துகினு நாளைக்குப் பத்து மணிக்குத் திருப்போரூர் வா," என்றார். எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் என்றுதான் முடிவு செய்தேன். மோசடி, நம்பிக்கைத் துரோகம், போலிச் சான்றிதழ், எல்லாப் பிரிவையும் என் மனதிலேயே போட்டுப் பார்த்தேன். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன், போட்டோ எடுப்பார்களே.

இறங்கி விசாரித்தால், சார்பதிவாளர் அலுவலகம். வேப்பமரத்தடியில் ஜனக் கூட்டம், டோக்கன், ஜெராக்ஸ். அக்கா பட்டுப் புடவையில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் தங்கை. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டரை சென்ட் வாங்குகிறார். வாங்குபவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும். கணவர் வரவில்லை. "படகுல போய்கீறாரு. அவரு எதுக்கு?" என்றார்.

பத்திரம் எழுதுகிறவர் என் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாட்சிங்களா? செங்கல்பட்டா? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஒண்ணும் வோணாம்," என்றார் அக்கா. "பதினோரு வருசம் என் சொத்த இவங்க பேர்ல வெச்சிகினு இருந்தாங்க. அப்பால ஒரு நாளு அவங்களே வூடு தேடி வந்து சொன்னாங்க. எது யாருதுன்னு இவங்களுக்கு நல்லா தெரியும். அதான் சாட்சிக்கு இஸ்துகினு வந்தேன்."

பத்திரக்காரர் ஒன்றும் புரியாமல் பேனாவை என்னிடம் நீட்டினார். எங்கே போடுவது என்று தாளில் தேடினேன், கண் கலங்கியிருந்ததால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில், வாங்குபவர், விற்பவர் எல்லாருக்கும் கீழே ஓர் இடத்தில் அக்கா விரல் வைத்துக் காட்டினார். அங்கே போட்டேன்.